பாதித் தொட்டி

வீட்டைப் பாகம் பிரித்தபோது
மீட்டர் இரண்டானது, படி இரண்டானது.
மாமியாரின் பித்தளை அண்டா அவர்களுக்கு,
அதன் மூடி எங்களுக்கு.
பரண்மேல் இருந்த இரும்புத் தொட்டியை மட்டும்
யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தொட்டி முதலில் வந்தது, சுவர் பிறகு.
கொத்தனார் அதன் வயிறுவரை செங்கல் அடுக்கி
முதுகுக்கு மேலே மறுபடி தொடங்கிக்
கூரையைத் தொட்டார்.
தண்டையார்பேட்டையில்
ஒரே தண்ணீரில் குளித்துக்கொண்டே
பேசாமலிருந்த குடும்பங்கள்
அநேகமாக நாங்கள் இரண்டும்தான்.

பதினோரு வருஷம்.
சுகுணவதி அக்கா குளிக்கப் போனால்
தொட்டி அடித்தொண்டையில் கனைக்கும்.
ஒரு ஞாயிறு அவர்கள் குழாய் சொட்டிக்கொண்டேயிருக்க
இவர் பூரிக்கட்டையால் தகட்டில் மூன்று தட்டு தட்டினார்.
சொட்டு நின்றது.
பதிலுக்கு ஒரு தட்டு வந்தது.
அந்த ஒரு தட்டைப் பற்றி
நாலு நாள் பேசிக்கொண்டிருந்தார்.

மொட்டை மாடிக்குக் கறுப்புத் தொட்டிகள் வந்தன,
ஒரே கடை, ஒரே வாரம்,
தனித்தனிப் பேரம்.
இரும்பு பரணிலேயே கிடந்து துருவை உதிர்த்தது.
போன மாதம் ரசத்தில் ஒரு செதில்.
மிளகு என்று கடித்துவிட்டேன்.

எத்திராஜ் துறைமுகத்தில் தகடு வெட்டுகிறவர்.
ஏணியில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்து
"இன்னாக்கா, வூட்டுக்குள்ள தொட்டி இல்ல இது,
தொட்டியச் சுத்தி வூடு" என்றார்.
பரண் வாய் இரண்டரை அடி, தொட்டி மூன்றரை.
வெட்டித்தான் இறக்கணும்.
"அந்தாண்ட சொல்லிட்டியா?"

அந்தாண்ட போக ஏழு எட்டு.
நான் போகவில்லை.
லாரி வந்த காலையில்
அவள் குடத்துக்குப் பின்னால் என் குடத்தை வைத்தேன்.
"அக்கா, அந்தத் தொட்டி."
பைப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:
"சனிக்கிழமை வேணாம். புதன்."

புதன் மெஷின் அலறியது.
பொறி பறக்க, மிக்ஸிக்கு ஈரச் சாக்கு போர்த்தினேன்.
உள்ளே தண்ணீர் இல்லை,
நாலு விரல் கனத்துக்கு வண்டல்,
மேலே வெடித்திருந்தது, அடியில் ஈரம்.
போர் தண்ணீரில் எண்ணெய் நாறிய வருஷத்து வாடை
போகாமல் அங்கேயே இருந்தது.
ஒரு டிபன் பாக்ஸ் மூடியும் கிடைத்தது.
எங்களுடையது இல்லை.
அவர்களும் இல்லை என்றார்கள்.

நடுத்தகடு கழன்றபோது
அந்தப் பக்கத்து டியூப்லைட் என் முகத்தில் விழுந்தது.
ஸ்டூல்மேல் நின்று, கந்தல் சுற்றிய கையால்
தகட்டின் மறுமுனையைப் பிடித்திருந்தாள் அக்கா.
"உனக்கு முடி ரொம்பக் கொட்டிடுச்சு" என்றாள்.
"உங்களுக்கு நரைச்சிருக்கு" என்றேன்.
"இழுங்கக்கா, கை நோவுது" என்றார் எத்திராஜ்.

காயலான் கடை காஜா பாய் வண்டலுக்குக் கழித்து
இரண்டாயிரத்து நானூறு கொடுத்தார்.
ஆளுக்குப் பாதி.
பித்தளை வால்வு யாருக்கு என்று
இன்னும் முடிவாகவில்லை,
இப்போதைக்கு எங்கள் மீட்டர் பெட்டிமேல் இருக்கிறது.

ஓட்டை அப்படியே இருக்கிறது.
ஒன்பது அங்குலச் சுவரில்
நாலரைக்கு அவர்கள் சிமெண்ட், நாலரைக்கு நாங்கள்.
வஞ்சிரம் வறுத்தால் தெரிகிறது.
மூத்தவர் இருமினால் இவர் சாப்பாட்டை நிறுத்துகிறார்.
சீரியல் அங்கே அரை நொடி பிந்தி ஓடுகிறது,
எங்கள் வீட்டில் அழத் தொடங்கியவள்
அவர்கள் வீட்டில்
இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று ராத்திரி இவர் ஏணி போட்டு
ஃபிரிட்ஜ் அட்டையை வைத்து டேப் ஒட்டினார்.
காலையில் அட்டை அந்தப் பக்கம் கிடந்தது.
காத்து, என்றாள் அக்கா.

பரணில் ஏது காற்று.
நான் கேட்கவில்லை.
கொத்தனார் போன் எடுக்கவில்லை.